ஓட்டத்திடலுக்குப் போகும் வீட்டுக் கார்

கேள்வி: எந்த மாற்றமும் செய்யாத எனது மெனுவல் கியர் சுபாரு காரை, கார்ப் பந்தய ஓட்டத்திடலில் நடைபெறும் பயிற்சி நாளொன்றுக்குக் கொண்டுசெல்ல விரும்புகிறேன். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: எஞ்சினை விடுங்கள், பிரேக்கைப் பாருங்கள். பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை தாங்கும் டொட் 4 (DOT 4) தர ஒயில், ஈரமேறிய பின் 155 பாகையிலேயே கொதிக்கக்கூடும். அப்போது குழாயில் ஆவிக்குமிழிகள் தோன்றி, மிதி பஞ்சுபோல் அமிழ்ந்துவிடும். கொழும்பின் கடற்காற்றில் ஓடிய காருக்கு, முந்திய வாரமே புதிய ஒயில் மாற்றுவது கட்டாயம் என்பேன். பிரேக் பட்டைகளின் தடிப்பையும் கராஜில் பார்க்கச் சொல்லுங்கள்.

டயர் சூடேறினால் காற்றழுத்தம் கூடும். ஆகவே ஒவ்வொரு ஓட்டம் முடிந்தவுடனும் அளந்து பாருங்கள். வீதிக்கு எடுத்த காப்புறுதி திடலில் பெரும்பாலும் செல்லாது.

கடைசிச் சுற்றை மெதுவாக ஓடி பிரேக்கை ஆறவிடுங்கள். நிறுத்தியதும், பிரேக் இன்னும் சூடாக இருக்கும் என்பதால், ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கொழும்பின் காலி வீதி நெரிசலில் பழகிய கை தானாகவே ஹேண்ட் பிரேக்கைத் தேடும்.