தனி ஆளா வெப் டெவலப்பர் பொழப்பு: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

திருப்பூர்ல உக்காந்து 11 வருஷமா தனி ஆளா வெப்சைட் செஞ்சு குடுத்துட்டிருக்கேங்க. முக்காவாசி பனியன் கம்பெனிக்காரங்க, அப்புறம் ரெண்டு மூணு ஸ்கூலு, ஒரு டாக்டரு, ஜெர்மனில ஒரு ஏஜென்சி. பிஹெச்பி, லாராவெல், வேர்ட்பிரஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், இவ்வளவுதான் நம்ம சரக்கு. இன்னிக்கு சாயங்காலம் ஃப்ரீ, கேளுங்க.

கேள்வி: அண்ணா, பைனல் இயர் படிக்கறேன். ப்ரீலான்ஸ் ஆரம்பிக்க என்ன லேப்டாப், என்ன டூல்ஸ் வேணும்?

16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி இருந்தா போதும் தம்பி. கோடு எழுத விஎஸ் கோடு, எழுதின கோடோட ஒவ்வொரு பதிப்பையும் சேர்த்து வெக்கற கிட், ப்ரௌசர். மத்தது வேலை வர வர தானா சேரும். ஆனா கிட் மட்டும் ஒழுங்கா கத்துக்கோ, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘கடைசி ஃபைனல்’னு ஜிப் போட்டு வெக்கற ஆளா இருக்காத. நான் ஒருக்கா தூக்கக் கலக்கத்துல ரீசெட் ஹார்டுன்னு பழைய நிலைக்கே திருப்பற கமாண்ட அடிச்சு ரெண்டு நாள் வேலை காணாமப் போச்சு, வயிறு கலங்கிருச்சு, அப்புறம் கிட் ரீஃப்லாக்னு நடந்ததோட பதிவேட்டப் போட்டுப் பார்த்தா நான் சேமிச்ச அத்தனை பதிப்பும், அதாவது கமிட்டும், அங்கயே படுத்திருக்கு. அந்த மாதிரி அனாதையா நிக்கற கமிட்டக்கூட வழக்கமா 30 நாள் வெச்சிருக்கும். கமிட்டே பண்ணாதது போனா போனதுதான்.

அப்புறம் ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ். லேப்டாப்ல சார்ஜ் இருந்து நெட் இல்லைன்னா என்ன பண்றது?

கேள்வி: புது கிளையன்ட் ஒருத்தர். பழைய டெவலப்பர் டொமைனை (சைட்டோட முகவரிப் பேரை) தன் பேர்லயே வாங்கிட்டு இப்ப போனே எடுக்க மாட்டேங்கறாராம். நான் என்ன செய்ய?

இது வாரத்துக்கு ஒண்ணு எங்கிட்டயும் வருது. மொதல்ல டொமைன் எந்த ரிஜிஸ்ட்ரார்ல, அதாவது டொமைன் விக்கற கம்பெனில, இருக்கு, என்னிக்கு எக்ஸ்பைரின்னு பாருங்க. கிளையன்ட்கிட்ட பழைய மெயில், பில், பேங்க் ஸ்டேட்மென்ட் ஏதாச்சும் இருந்தா தேடச் சொல்லுங்க, காசு கிளையன்ட் கார்டுல போயிருந்தா ரிஜிஸ்ட்ரார்கிட்ட பேசறதுக்கு ஒரு பிடி கிடைக்கும். அந்த ஆள்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. பாக்கி காசு நிக்குதான்னு கேளுங்க, பாதி கேஸ்ல அதுதான் விஷயம், 5,000 ரூபா பாக்கிக்கு மனுஷன் கோவிச்சுட்டு உக்காந்திருப்பாரு. குடுத்துட்டு டிரான்ஸ்ஃபர் கோடு வாங்கிக்கறது சல்லிசு.

நீங்க செய்யறப்ப டொமைன், ஹோஸ்டிங் ரெண்டுமே கிளையன்ட் மெயில் ஐடில, கிளையன்ட் காசுல. நான் ஆரம்பத்துல என் பேர்லயே வாங்கி வெச்சேன், வசதியாத்தான் இருந்துச்சு, அப்புறம் 20 டொமைனுக்கு ரினியூவல் காசு நான் கட்டிட்டு ஒவ்வொருத்தரையா துரத்தினேன்.

கேள்வி: தமிழ் சைட்டுல சர்ச் பாக்ஸ் வேலை செய்யல. ‘கோவை’ன்னு டைப் பண்ணா சில பக்கம் வருது, சிலது வரல. கண்ணால பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு!

நல்ல கேள்விங்க, இதுக்கு நான் ஒரு காலத்துல மூணு நாள் தலைய பிச்சிருக்கேன். யூனிகோடுல, அதாவது கம்ப்யூட்டர்ல எழுத்துக்கு நம்பர் குடுக்கற முறைல, ‘கோ’வ ரெண்டு விதமா எழுதலாம். ‘க’ கூட ஓகாரக் குறி ஒரே துண்டா வரலாம். இல்ல ‘க’, ஏகாரக் கொம்பு, பின்னாடி ஒரு கால், ஆக மூணு துண்டா வரலாம். ஸ்கிரீன்ல ஒரே மாதிரிதான் தெரியும், டேட்டாபேஸுக்கு வேற வேற. சேமிக்கறப்பவும் தேடறப்பவும் ரெண்டு பக்கமும் என்எஃப்சின்னு ஒரே வடிவத்துக்குக் கொண்டு வர்ற நார்மலைஸ் பண்ணிடுங்க, ஜாவாஸ்கிரிப்ட்ல நார்மலைஸ் ஃபங்ஷன் கூடவே வருது, பிஹெச்பில இன்டல் எக்ஸ்டென்ஷன் போடணும்.

ஆனா ஔகாரத்துல ஒரு குசும்பு இருக்கு. ‘கௌ’ன்னு அடிக்கறதுக்கு பதிலா பல பேர் க, கொம்பு, அப்புறம் நிஜ ‘ள’ எழுத்தையே போட்டுருவாங்க. பாக்க அதே மாதிரி இருக்கும், ஆனா நார்மலைஸ் அதத் தொடாது. அத நீங்களே கண்டுபுடிச்சு மாத்தணும்.

இன்னொண்ணு, பிரஸ்காரங்ககிட்ட இருந்து மேட்டர் வாங்கினா பாமினிங்கற பழைய ஃபான்ட்ல இருக்கும். அதுல ‘தமிழ்’னு தெரியறதுக்கு உள்ள இருக்கறது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். அப்படியே ஒட்டினா சைட்டுல இங்கிலீஷ் குப்பையாத்தான் வரும். கன்வர்ட்டர்ல போட்டு எடுத்து, கண்ணால ஒருக்கா படிங்க. கூகுள் ஃபான்ட்ஸ்ல நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் ரெண்டும் நல்லா இருக்கு, லைன் ஹைட்ட மட்டும் இங்கிலீஷ விட கொஞ்சம் கூட்டி வைங்க, இல்லைன்னா மேல் வரி கொக்கியும் கீழ் வரி விசிறியும் முட்டிக்கும்.

கேள்வி: கான்டாக்ட் ஃபார்ம் மெயில் எல்லாம் ஸ்பேம்ல போகுது.

ஃப்ரம் அட்ரஸ்ல ஃபார்ம் நிரப்பினவரோட ஜிமெயில போட்டிருப்பீங்க, சரியா? உங்க சர்வரு ஜிமெயில் பேர்ல மெயில் அனுப்பினா எவன் நம்புவான். ஃப்ரம்ல உங்க டொமைன் அட்ரஸ், ரிப்ளை டூ-ல அவங்க அட்ரஸ். மெயில் நிஜமாவே உங்க டொமைன்ல இருந்துதான் வருதுன்னு காட்டற எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெண்டையும் டிஎன்எஸ்ல (டொமைனோட செட்டிங்ஸ்ல) சேருங்க. முடிஞ்சுது.

கேள்வி: யூபிஐல காசு போயிடுது, சைட்டுல ஆர்டர் பெண்டிங்னே நிக்குது. கஸ்டமர் திட்டறாங்க.

கஸ்டமர் என்ன பண்றாருன்னு பக்கத்துல உக்காந்து பாருங்க. போன்ல உங்க சைட்டு திறந்திருக்கு, பே அழுத்தறாரு, யூபிஐ ஆப் வருது, பின் போடறாரு, டிங்குன்னு சத்தம், அவ்வளவுதான், அப்படியே வாட்ஸ்அப்புக்குப் போயிடறாரு. ப்ரௌசருக்குத் திரும்ப வரவே இல்ல. உங்க கோடு ‘தேங்க் யூ’ பக்கம் லோடு ஆனாத்தான் ஆர்டர மார்க் பண்ணுது, அப்ப எப்படி ஆகும்?

காசு வாங்கித் தர்ற கேட்வே கம்பெனி, காசு வந்துச்சுன்னு நேரா உங்க சர்வருக்கு அனுப்பற தகவலான வெப்ஹூக்க நம்புங்க, தேங்க் யூ பக்கம் சும்மா அழகுக்கு. வெப்ஹூக்ல சிக்னேச்சர் செக் பண்ணாம ஏத்துக்காதீங்க, எவன் வேணா போலியா அனுப்பலாம். ஒரே வெப்ஹூக் ரெண்டு தடவையும் வரும், அதனால ஈவென்ட் ஐடிய டேபிள்ல வெச்சு, ஏற்கனவே வந்ததுன்னா பேசாம ‘வந்துச்சு’ங்கற 200 பதில குடுத்துட்டு விட்ருங்க. இத நான் செய்யாம ஒரு கடைக்கு ஒரே ஆர்டருக்கு ரெண்டு பார்சல் போச்சு, ரெண்டாவது நைட்டி பார்சல் காசு என் கையில இருந்து.

கேள்வி: ரேட் எப்படி சொல்றது? ‘சின்ன சேஞ்ச் தான’ன்னு உயிர வாங்கறாங்க.

நான் மொத்தத்துல 40, 30, 30 பர்சன்ட்னு வாங்கறேன். அட்வான்ஸ் 40 வராம ஃபோல்டர் கூட திறக்க மாட்டேன். டிசைனுக்கு ஓகே சொன்னதும் 30, லைவ் போறதுக்கு முன்னாடி மிச்சம். லைவ்க்கு ‘அப்புறம்’ன்னு விட்டா அந்த அப்புறம் தீபாவளி தாண்டி பொங்கலுக்குப் போகும்.

சின்ன சேஞ்சுக்கு, கொட்டேஷன்லயே எத்தன பக்கம், எத்தன திருத்தம்னு எழுதிடுங்க. போன்ல சொன்னா ‘சரிங்க அண்ணா, அத அப்படியே வாட்ஸ்அப்ல ஒரு வரி போட்ருங்க’ன்னு சொல்லுங்க. பாதிப்பேர் போடவே மாட்டாங்க, அந்த சேஞ்சும் தேவைப்படாமப் போயிடும். நான் ‘முடியாது’ன்னு சொல்றது ரொம்பக் கம்மி. ‘பண்ணலாங்க, 1,500 ஆகும்’னு சொல்லுவேன்.

கேள்வி: வெளிநாட்டு கிளையன்ட் காசுக்கு ஜிஎஸ்டி உண்டா?

சர்வீஸ்ல வருஷ டர்னோவர் 20 லட்சம் தாண்டலைன்னா நம்ம ஊர்ல ரிஜிஸ்ட்ரேஷன் கட்டாயம் இல்ல. தாண்டிட்டா ரிஜிஸ்டர் பண்ணி, எல்யூடி (வரி கட்டாம எக்ஸ்போர்ட் பண்றதுக்குக் குடுக்கற உறுதிமொழி) வருஷா வருஷம் போர்டல்ல போடுங்க, அப்ப எக்ஸ்போர்ட் பில்லுக்கு ஜிஎஸ்டி கட்டாம அனுப்பலாம். வெளிநாட்டுக் காசு வந்ததுக்கு பேங்க்ல வர்ற ரெமிட்டன்ஸ் அட்வைஸ பத்திரமா வைங்க. மிச்சத்த ஒரு ஆடிட்டருக்கு காசு குடுத்துக் கேளுங்க, நான் அதுல மிச்சம் புடிக்கப் போய்தான் லேட் ஃபீஸ் கட்டினேன்.

கேள்வி: ஏஐ வந்து நம்ம பொழப்பக் கெடுத்துருமா?

நானே தினம் யூஸ் பண்றேன், ரெகெக்ஸ் (எழுத்துல பேட்டர்ன் தேடற கோடு), டெஸ்ட் கேஸ், பழைய கோடு புரிஞ்சுக்க. இல்லாத ஃபங்ஷன இருக்குன்னு தைரியமா எழுதிக் குடுக்கும், ஓட்டிப் பாக்காம ஏத்தாதீங்க. ரெண்டு பக்க பிரௌஷர் சைட்டு செஞ்சு பொழைச்சவங்களுக்கு கஷ்டந்தான், மறைச்சு என்ன ஆகப் போகுது.

கேள்வி: ரூம்ல லேப்டாப்போட இருக்கறதப் பாத்து சும்மா இருக்கேன்னு நெனைக்கறாங்க, கேஸ் புக் பண்ணு, பேங்க் போய்ட்டு வான்னு வேலை வந்துட்டே இருக்கு. பொண்ணு பாக்கற எடத்துல என்ன வேலைன்னு சொல்றதுன்னும் தெரியல.

ஹாஹா, நானும் பட்டேன். என் மாமனாரு கேட்டப்ப ‘கம்ப்யூட்டர் வேலை’ன்னேன், ‘எந்தக் கம்பெனி’ன்னாரு, ‘என்னோடதுதான்’னேன், மூஞ்சி சுருங்கிருச்சு. ஒரு கரன்ட் அக்கவுண்ட், ஒரு விசிட்டிங் கார்டு, மூணு வருஷ இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன். ரிட்டர்ன் காப்பியப் பாத்தப்புறம்தான் அவரு காபி சாப்பிட்டாரு.

வீட்டு வேலைக்கு, நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மாடில ஒரு சின்ன ரூம் எடுத்தேன், ஃபேன், டேபிள், ஒரு சேர், அவ்வளவுதான். காலைல ஒம்போதரைக்கு சட்டைய மாட்டிட்டுக் கெளம்பினா அப்பறம் யாரும் கேஸ் புக் பண்ணச் சொல்றதில்ல.