போலிக் குங்குமப்பூ: பிரிக்காத டப்பாவைப் பத்திரப்படுத்துங்கள்

கேள்வி: 'காஷ்மீர் மோங்ரா' என்ற விளம்பரத்தை நம்பி ஆன்லைனில் இரண்டு டப்பா குங்குமப்பூ வாங்கினேன். ஒன்றைப் பிரித்து, நாலு இழையைத் தண்ணீரில் போட்டதுமே நீர் சிவந்தது, இழை வெளுத்துவிட்டது. பிரித்த பொருளுக்குப் பணம் தர முடியாது என்கிறார் விற்பனையாளர். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் இன்னொரு டப்பாவைத் தொடாதீர்கள். பிரித்த டப்பாவை நீட்டினால், உள்ளே இருந்ததை நீங்களே மாற்றிவிட்டதாகச் சொல்வார்கள்.

உங்கள் தண்ணீர் சோதனை சந்தேகப்படப் போதும், நிரூபிக்கப் போதாது. அசல் பூ நீரை மெல்ல மஞ்சளாக்கும். இழை வெகுநேரம் சிவப்பாகவே கிடக்கும், அதன் ஒரு முனை எக்காளம்போல விரிந்திருக்கும். சாயமேற்றிய குசும்பா (சாஃப்ளவர்) பூவிதழிலும் சோள நாரிலும் இதைப் பார்க்க முடியாது. அசலோடு கொஞ்சம் சாயம் கலந்திருந்தாலோ வீட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம். மோங்ரா என்பது மஞ்சள் காம்பு நீக்கிய சிவப்பு முனை மட்டும். மஞ்சள் இழை தெரிந்தால் அதையும் புகாரில் சேருங்கள்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 40-ஆவது பிரிவின்படி, வாங்கியவரே உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். ஆனால் அப்படிச் சோதிக்கப்போவதை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆன்லைனில் யார் சொல்கிறார்கள்? ஆகவே உங்களுக்குத் தோதானது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. அதன் 38-ஆவது பிரிவின்படி, மாவட்ட நுகர்வோர் ஆணையமே உங்களிடம் மாதிரியை வாங்கி, சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். சோதனைக் கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம். குங்குமப்பூவுக்கான சர்வதேசத் தர அளவீடான ஐஎஸ்ஓ 3632 முறையில் முதல் தரத்துக்கு நிறத்திறன் (நிறமேற்றும் வலு) குறைந்தது 200 வேண்டும். அந்த எண்ணைச் சாயமும் ஏற்றிக்காட்டும் என்பதால், செயற்கைச் சாயச் சோதனையைத் தனியாகக் கேட்டு மனுவில் எழுதுங்கள்.

விளம்பரப் பக்கம், பில், டப்பாவின் பேட்ச் எண், 14 இலக்க உணவு உரிம (FSSAI) எண், மறுப்புப் பதில் எல்லாவற்றையும் இன்றே ஸ்கிரீன்ஷாட், போட்டோ எடுத்து வையுங்கள். பக்கம் நாளை மாயமாகலாம். பிறகு தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். மின்வணிக விதிகள் 2020-இன்படி 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். போலிப் பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மறுக்கவும் அதே விதிகளில் இடமில்லை. 'பிரித்துவிட்டீர்கள்' என்ற பதில் செல்லாது.

அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், அல்லது நேராக மாவட்ட ஆணையத்தில் மனு போடுங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை மனுக்கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டு. கூடவே உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் ஒரு புகார் கொடுங்கள். அதனால் உங்கள் பணம் திரும்பாது. ஆனால் விற்பனையாளரின் கிடங்கிலிருந்தே மாதிரி எடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு.