காதைச் சோதிக்கக் கண்ணைப் பார்ப்பார்கள்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறது என்கிறார். உள்காதுப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காதில் தண்ணீர் விடுவார்களாமே, பயப்படுகிறார். இந்த வயதில் இதெல்லாம் தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. வயதானால் தலை சுற்றத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிற வீடுகளில்தான் ஒருநாள் விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது.

புரளும்போது சுற்றுகிறது என்கிறீர்களே, அதுவே பெரிய துப்பு. உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இடம் பெயர்ந்து, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால் இப்படித்தான் ஆகும், முதியவர்களுக்கு இது சகஜம். இதைக் கண்டுபிடிக்க ஒரு கட்டில் போதும். அம்மாவின் தலையை 45 டிகிரி பக்கவாட்டில் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்து, கண்ணைப் பார்ப்பார்கள். உள்காதுக்கும் கண் அசைவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு, அதனால்தான். சில நொடிகள் ஒன்றும் இருக்காது, அப்புறம் கருவிழி சுழன்று சுழன்று துடிக்கும், ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அப்படித் துடித்தால் அங்கேயே தலையைப் படிப்படியாகத் திருப்பி அந்தப் படிகங்களை வெளியேற்றும் சிகிச்சையையும் செய்துவிடலாம். கழுத்துத் தேய்மானம் இருந்தால் முன்பே சொல்லுங்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்தும் பார்க்க முடியும். இந்தச் சோதனையைச் செய்தார்களா என்று முதலில் கேளுங்கள், ஏனென்றால் இதிலேயே விடை கிடைத்துவிட்டால் தண்ணீர் வரைக்கும் போக வேண்டியிருக்காது.

சரி, போக வேண்டி வந்தால்? 30 டிகிரி, 44 டிகிரி செல்சியஸ் என உடல் சூட்டுக்கு 7 டிகிரி கீழும் மேலுமாக உள்ள தண்ணீரை ஒவ்வொரு காதிலும் விடுவார்கள், கண்ணில் கேமரா வைத்த கண்ணாடி மாட்டியிருக்கும். வலிக்காது, ஆனால் ஓரிரு நிமிடம் நன்றாகச் சுற்றும், அதை அம்மாவிடம் மறைக்காதீர்கள். இரண்டு காதில் எது பலவீனம் என்று இதில் தெரியும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் கூடாது, காற்று வைத்துச் செய்வார்கள். சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, தலையைச் சின்னதாக வெடுக்கென்று திருப்பும் சோதனையும் உண்டு, பார்வை புள்ளியை விட்டு நழுவினால், தலையைத் திருப்பிய பக்கத்து உள்காதில் கோளாறு.

தலைசுற்றல் மாத்திரையைச் சோதனைக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள், எத்தனை நாள் முன்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், எழுந்த 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 இறங்கினால் காரணம் காதே இல்லாமலும் இருக்கலாம்.

தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, கை கால் மரத்தாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ இந்தச் சோதனைக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.