வாசகர் கேள்வி–பதில்: பட்டாளத்துப் பதக்கம் யாருடையது?

கேள்வி: அம்மப்பாவின் றங்குப் பெட்டியில் மூன்று வட்டப் பதக்கங்கள் கிடந்தன. ஒன்றின் மேற்பட்டையில் ‘சிலோன்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. மற்ற இரண்டிலும் 1939–1945 என்ற ஆண்டு. எதிலும் அவர் பெயர் இல்லை. எந்தப் படையில் இருந்தார் என்று அறிய முடியுமா? (வாசகி, உப்புவெளி)

பதில்: பெயர் இல்லை என்று முடிவு கட்டுமுன் விளிம்பைப் பாருங்கள். எல்லோரும் முன்பக்கத்து அரசரின் தலையையும் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். பெயர் பொறிப்பது பக்கவாட்டில் ஓடும் ஒடுங்கிய விளிம்பில்தான்.

‘சிலோன்’ பட்டை உள்ளது எஃபிஷியன்சி மெடல். 1930இல் ஏற்படுத்தப்பட்ட வெள்ளிப் பதக்கம். ரிபன் பச்சை, ஓரங்கள் மஞ்சள். பகுதிநேரப் பட்டாளமான தொண்டர் படையில் 12 ஆண்டு சேவை முடித்தவருக்குக் கொடுத்தார்கள். போர்க்காலச் சேவை இரட்டிப்பாகக் கணக்கிடப்பட்டதால், 1939 முதல் 1945 வரை முழுநேரப் பணியில் இருந்தவருக்கு அந்த ஆறு ஆண்டே போதுமாக இருந்தது. இதைப் பெயர் பொறித்தே வழங்கினார்கள்.

அறை விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச் வெளிச்சத்தை விளிம்பை உரசிக்கொண்டு போவதுபோலப் பக்கத்திலிருந்து அடியுங்கள். பதக்கத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி ஒவ்வொரு துண்டாகப் படம் எடுங்கள். நேரே மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் தேய்ந்த எழுத்து கண்ணுக்கே தெரியாது. கைத்தொலைபேசி போதாவிட்டால் நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பொதுவாக இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் இருக்கும். பதவிச் சுருக்கமே பாதி விடையைச் சொல்லிவிடும். கன்னர், பொம்படியர் என்றால் பீரங்கிப் படை. சப்பர் என்றால் பொறியியலாளர் படை. பிரைவேட் என்றால் பெரும்பாலும் காலாட்படை. சி.ஜி.ஏ. என்பது சிலோன் கரிசன் ஆட்டிலறி. இது கரையோரப் பீரங்கிகளை இயக்கிய படை என்பதால் திருகோணமலைக் குடும்பங்கள் முதலில் தேடவேண்டிய எழுத்துகள் இவை. சி.எல்.ஐ. என்றால் சிலோன் லைட் இன்பன்ரி.

பெயரின் எழுத்துக்கூட்டலில் ஏமாந்துவிடாதீர்கள். படை எழுதுவினைஞர் காதில் விழுந்ததை எழுதினார். கந்தையா என்பது ‘கே’யிலும் தொடங்கும், ‘சி’யிலும் தொடங்கும். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் இலக்கமும் பொருந்துகின்றனவா என்பதே முக்கியம்.

அரசர் தலையைச் சுற்றியுள்ள இலத்தீன் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘இந்தியாவின் சக்கரவர்த்தி’ என்பதற்கான சுருக்கம் 1948இல் அரச பட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆறாம் ஜோர்ஜின் தலையோடு அந்தச் சுருக்கமும் இருந்தால் பதக்கம் பெரும்பாலும் அதற்கு முந்திய வார்ப்பு.

மற்ற இரண்டும் வெள்ளி நிறத்தில் மின்னினாலும் செம்பும் நிக்கலும் கலந்தவை. சிங்கம் ஒன்று இரட்டைத்தலைப் பறவைநாகத்தை மிதித்து நின்றால் அது 28 நாள் முழுநேரச் சேவைக்குக் கொடுத்த வார் மெடல். ஓக் மரக்கன்றின் மேல் கிரீடமும் இருபுறமும் சிங்கங்களும் இருந்தால் டிஃபென்ஸ் மெடல். பிரித்தானியா இவற்றைப் பெயர் பொறிக்காமலே வழங்கியது. ஆகவே இவை அம்மப்பாவினுடையவைதாம் என்று உலோகத்தை வைத்து நிரூபிக்க முடியாது. தபாலில் வந்த சிறிய அட்டைப் பெட்டியும், எந்தெந்தப் பதக்கம் என்று குறிக்கும் துண்டுச்சீட்டும்தான் ஆதாரம். றங்குப் பெட்டியை மறுபடி துழாவுங்கள். பதக்கத்தைப் பத்திரப்படுத்திக் கடதாசியைக் குப்பையில் போட்ட வீடுகள் ஏராளம்.

அடுத்தது பிரதேச செயலகம். உங்கள் தாயாரின் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் பதவி அல்லது தொழில் என்றொரு நிரல் உண்டு. 1940களில் பிறந்தவரானால் அங்கே படைப்பெயரே எழுதப்பட்டிருக்கலாம். இலக்கமும் படைப்பிரிவும் கையில் கிடைத்த பிறகே அந்தப் படைக்குக் கடிதம் எழுதத் தொடங்குங்கள். சி.எல்.ஐ. இன்றைய இலங்கை இலகு காலாட்படை, தலைமையகம் பனாகொடையில். சி.ஜி.ஏ.யின் வழிவந்தது இலங்கைப் பீரங்கிப் படை. கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய அரச கசற்றுகளைப் புரட்டலாம்தான், ஆனால் அவற்றில் வருவது அதிகாரிகளின் நியமனம். எஃபிஷியன்சி மெடல் சாதாரண சிப்பாய்களுக்கும் சார்ஜன்ட் நிலையினருக்கும் உரியது. அதிகாரிகளுக்கு வேறு விருது. கசற்றில் நாள்களைச் செலவழிப்பதில் உங்களுக்குப் பயன் குறைவு.

கேள்வி: அப்பப்பா கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். இலக்கம் அடித்த, துளையுள்ள பித்தளைத் தகடு ஒன்றும், வெள்ளிப் பதக்கம் ஒன்றும் இருக்கின்றன. அவர் சிப்பாயா? (வாசகர், நிலாவெளி)

பதில்: தகடு பதக்கமல்ல. அரசர் தலையும் இல்லை, ரிபன் கோர்க்கும் வளையமும் இல்லை என்றால் அது பணியாளரின் அடையாளத் தகடாகவே இருக்கும். பதக்கத்தின் பின்புறம் ‘விசுவாசமான சேவைக்காக’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இம்பீரியல் சேர்விஸ் மெடல். நீண்டகாலம் உழைத்து ஓய்வுபெற்ற கீழ்நிலை அரச ஊழியருக்கானது. அவர் சிப்பாயல்லர், ஆனால் விளிம்பில் பெயர் உண்டு. இதைப் பெற்றவர்களின் பெயர்கள் வெளியான பிரித்தானிய அரச இதழ் லண்டன் கசற், இணையத்தில் இலவசமாகத் தேடக்கிடைக்கிறது. பெயரை மூன்று நான்கு விதமாக எழுதித் தேடுங்கள்.

கேள்வி: உம்மாவின் வாப்பாவிடம் பர்மா ஸ்டார் என்ற நட்சத்திர வடிவப் போர்ப் பதக்கம் இருக்கிறது. அவர் பர்மாவுக்குப் போனதே இல்லை என்கிறார்கள். போலியா? (வாசகர், கிண்ணியா)

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. 1942 ஏப்ரல் 9 அன்று குண்டு விழுந்த ஊர் என்பதற்காகத் திருகோணமலையில் தரையில் நின்றவர்களுக்கு இது கொடுக்கப்படவில்லை. ஆனால் வங்காள விரிகுடாவில் ஓடிய கப்பல்களில் பணிசெய்த கடற்படையினருக்குத் தகுதி இருந்தது. சிலோன் கடற்படைத் தொண்டர் படையில் இருந்தாரா என்று விசாரியுங்கள். நட்சத்திரத்திலும் பெயர் இராது. ரிபன் நடுவே அகலமான சிவப்பு, இருபுறம் கருநீலம், ஒவ்வொரு நீலத்தின் நடுவிலும் செம்மஞ்சள் கோடு. நிறம் வெளுத்துப் போயிருந்தால் வளையத்துக்குள் மடிந்திருக்கும் பகுதியைப் பாருங்கள், அசல் நிறம் அங்கே இருக்கும்.

கேள்வி: பதக்கத்தில் பச்சைக் களிம்பு. புளி போட்டுத் தேய்க்கலாமா? (வாசகி, தம்பலகாமம்)

பதில்: வேண்டாம். புளியும் தேசிக்காயும் பிராசோவும் குத்துவிளக்குக்குச் சரி. பதக்கத்தில் முதலில் அழிவது விளிம்பு எழுத்து. மென்மையான உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் துடைப்பதோடு நிறுத்துங்கள். பிசுபிசுத்த பச்சையானால் பி.வி.சி. பிளாஸ்டிக் உறையைச் சந்தேகியுங்கள். அதிலிருந்து எடுத்து, அமிலமற்ற கடதாசியில் தனித்தனியே சுற்றி, சிலிக்கா ஜெல் பொதியோடு மூடிய பெட்டியில் வையுங்கள். கடற்காற்று அடிக்கும் வீட்டில் சிலிக்கா ஜெல் சீக்கிரம் ஈரமாகும், மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டினால் வெள்ளி கறுக்கும். ரிபனைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது, சாயம் ஓடிவிடும்.

கேள்வி: பூட்டன் போரிலிருந்து திரும்பி வந்து 1961இல் இறந்தார். நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்தில் அவர் பெயரைக் காணவில்லையே? (வாசகர், மூதூர்)

பதில்: இராது. கொமன்வெல்த் யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் இரண்டாம் உலகப்போர்ப் பட்டியல் 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களுக்கு மட்டும். மயானத்தை விட்டுவிட்டுப் பதக்கத்தின் விளிம்பிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: நினைவுநாளில் பூட்டனின் பதக்கங்களை மகன் அணியலாமா? (அதே வாசகர்)

பதில்: அணியலாம், வலப்பக்க மார்பில். இடப்பக்கம் பதக்கத்தைத் தாமே பெற்றவருக்குரியது.