வாசகர் கேள்வி–பதில்: கேபிளைத் தொட்டால் அளவு ஏன் மாறுகிறது?

கேள்வி: நான் பொறியியல் இறுதியாண்டு மாணவி. செய்முறைத் திட்டத்துக்காக 2.4 ஜிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் வடிகட்டி ஒன்றை ஐந்து விதமாக வரைந்து, ஐந்து போர்டுகள் செய்து வாங்கியிருக்கிறேன். போர்டுக்கு இரண்டு எஸ்.எம்.ஏ. கனெக்டர் (கேபிளைத் திருகி மாட்டும் சிறு உலோக இணைப்பி) என்றால் பத்து வேண்டும். ஒன்றில் பற்றவைத்ததைக் கழற்றி இன்னொன்றில் வைக்கப் பார்த்தபோது செம்புத் தடமே உரிந்து வந்துவிட்டது. அதனால் ஒரே ஜோடியை ஓரத்தில் செருகி, துணி காயவைக்கும் கிளிப்பால் நடு ஊசியை அழுத்திப் பிடித்து அளந்தேன். கேபிளைத் தொட்டாலே அளக்கும் கருவியின் திரையில் கோடு ஆடுகிறது. ஈயம் இல்லாமல் அளப்பது நடக்கக்கூடிய காரியமா ஐயா?
— வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நடக்கக்கூடிய காரியம்தான். உங்கள் கடிதத்திலேயே குறை எங்கே இருக்கிறது என்பதற்கான துப்பும் இருக்கிறது. கேபிளைக் கையால் தொட்டதும் அளவு மாறுகிறது என்றால், நடு ஊசியைச் சந்தேகிக்க வேண்டாம், மின்னோட்டம் திரும்பி வரும் வழியான கிரவுண்டைப் பாருங்கள். அலை நடுக் கம்பியில் போகும்போது அதே அளவு மின்னோட்டம் கேபிளின் வெளி உறைக்கு உள்பக்கமாகத் திரும்பி வர வேண்டும். போர்டின் கிரவுண்டும் கனெக்டரின் உடலும் சரியாகத் தொடாதபோது, அந்த மின்னோட்டத்தில் ஒரு பகுதி கேபிளின் வெளிப்புறத்தில் ஏறிப் படர்கிறது. அப்போது கேபிளும் உங்கள் கையும் மேசையும்கூடச் சுற்றின் பகுதிகளாகிவிடுகின்றன. உங்கள் கிளிப் ஊசியை நன்றாகவே அழுத்தியிருக்கும். ஆனால் கனெக்டரின் நான்கு கால்களும் அநேகமாக சால்டர் மாஸ்க் என்னும் பச்சைப் பூச்சின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. பூச்சு மின்கடத்தாதது. பற்றவைக்கும்போது ஈயம் பக்கவாட்டில் ஓடிப் பிடித்துக்கொள்வதால் இது தெரிவதில்லை. ஈயத்தை எடுத்துவிட்டால் தெரிந்துவிடுகிறது.

இதன் பருமனைக் கணக்கில் பார்த்தால் நன்றாக விளங்கும். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய கம்பிக்கு ஏறத்தாழ ஒரு நானோஹென்றி தூண்டல் உண்டு. கிரவுண்டு நேராகத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் சுற்றி வந்தால் அவ்வளவு கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு நானோஹென்றி 15 ஓம் தடையாக நிற்கும். 50 ஓம் வழியில் அது அனுப்பிய ஆற்றலில் 2 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ரிட்டர்ன் லாஸ் (திரும்பும் ஆற்றல் எவ்வளவு குறைவு என்பதன் அளவு; எண் பெரிதாக இருந்தால் நல்லது) 17 டெசிபலுக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். அதே நானோஹென்றி 10 ஜிகாஹெர்ட்ஸில் 63 ஓம். அங்கே கால் பங்குக்கும் மேல் திரும்பிவிடும். ஒரு நல்ல வடிகட்டியின் ரிட்டர்ன் லாஸ் 20 டெசிபல், அதாவது திரும்புவது ஒரு சதவீதம், என்று எதிர்பார்க்கும் இடத்தில், கனெக்டரே 2 சதவீதத்தைத் திருப்பினால், உங்கள் ஐந்து வடிவங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு அதில் மூழ்கிப்போகும்.

ஆய்வகங்களில் இதற்கென்றே செய்த கனெக்டர்கள் உண்டு. போர்டின் ஓரத்தை ஓர் உலோகக் கட்டைக்கும் ஒரு தகட்டுக்கும் நடுவில் வைத்துத் திருகினால், கிரவுண்டு அகலமாகக் கவ்விக்கொள்ளும். ஊசி தடத்தின் மேல் அமரும். 2.92 மி.மீ. வகையில் 40 ஜிகாஹெர்ட்ஸ் வரையும், 1.85 மி.மீ. வகையில் 67 ஜிகாஹெர்ட்ஸ் வரையும் இப்படியே அளக்கிறார்கள். ஆனால் ஒன்றின் விலையே பல ஆயிரம் ரூபாய். 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு நீங்கள் அவ்வளவு செலவழிக்க வேண்டியதில்லை. அதே அமைப்பை ஒரு லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

3 மி.மீ. பித்தளைத் தகட்டில் இரண்டு துண்டுகள் வெட்டி வாங்குங்கள். ஒன்று போர்டுக்கு மேலே இரு கால்களையும், மற்றொன்று கீழே இரு கால்களையும் அழுத்த வேண்டும்; இரண்டையும் போர்டின் துளைகள் வழியாக இரண்டு 2 மி.மீ. திருகுகள் இறுக்க வேண்டும். மேல் துண்டின் நடுவில் தடத்துக்கு மேலே தாராளமான பள்ளம் குடையச் சொல்லுங்கள், இல்லையென்றால் பித்தளை ஊசியைத் தொட்டுக் குறுக்குச்சுற்று ஆகிவிடும். ஊசியை அழுத்த அந்தப் பள்ளத்தில் ஒரு சிறு டெஃப்லான் துண்டை வையுங்கள். டெஃப்லானின் மின்கடவு எண் 2.1 மட்டுமே என்பதால் தடத்தின் மேல் அது அதிகம் பாரம் ஏற்றாது. கிளிப்பின் பிளாஸ்டிக் என்ன பொருள் என்று நமக்குத் தெரியாது. அதில் எஃகுச் சுருள் வேறு ஊசிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

போர்டிலும் சில மாற்றங்கள் வேண்டும், இவையே உண்மையான வேலை. கால்கள் அமரும் இடத்தில், மேலும் கீழும், பச்சைப் பூச்சு இல்லாமல் திறந்து விடுங்கள். தடத்தின் இருபுறமும் மேல்பக்கத்திலேயே கிரவுண்டு வரட்டும். அதைக் கீழ்க் கிரவுண்டோடு இணைக்கும் வயா துளைகளை போர்டின் ஓரம் வரை நெருக்கமாக வரிசையாக வையுங்கள். 1.6 மி.மீ. தடிமனுள்ள போர்டில் 0.3 மி.மீ. வயா ஒன்றின் தூண்டலே 1.3 நானோஹென்றி வரும், ஆகவே ஒன்றிரண்டு போதாது. ஓரத்தை வி வடிவப் பள்ளமிட்டு ஒடித்துத் தர வேண்டாம், ரௌட்டர் கொண்டு வெட்டித் தாருங்கள் என்று செய்து தருபவரிடம் எழுதிவிடுங்கள். ஒடித்த ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி நார் கனெக்டரின் முகத்தை போர்டோடு ஒட்டவிடாது; அந்த இடைவெளியும் மேலே சொன்ன மில்லிமீட்டர் கணக்கில்தான் சேரும்.

பொருத்தியதும் உடனே அளக்காதீர்கள். ஒரு தடவை இறுக்கி, கழற்றி, கைக்கண்ணாடியில் தடத்தைப் பாருங்கள். ஊசி நன்றாக அமர்ந்திருந்தால் அதன் நீளம் முழுக்க, முடி அகலத்தில், ஒரு பளபளப்பான கோடு விழுந்திருக்கும். கோடு நுனியில் மட்டும் இருந்தால் கனெக்டர் தலை தூக்கி நிற்கிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் திருகுகள் ஒன்றுபோல இறுகவில்லை. கால்களின் கீழும் அதே மாதிரித் தடயம் நான்கு இடங்களிலும் தெரிய வேண்டும். என் அனுபவத்தில், கருவியின் திரையை அரை மணி நேரம் பார்ப்பதைவிட இந்தத் தடயத்தை ஒரு நிமிடம் பார்ப்பது அதிகம் சொல்லிவிடும்.

கேள்வி: கனெக்டரை எவ்வளவு இறுக்க வேண்டும்? கையால் இறுக்கினால் போதும் என்கிறார் ஒருவர், ஸ்பேனர் போட வேண்டும் என்கிறார் இன்னொருவர்.
— வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: அளவீட்டுக்குக் கை போதாது. எஸ்.எம்.ஏ. கேபிளின் மரை பித்தளை என்றால் 0.56 நியூட்டன் மீட்டர், துருப்பிடிக்காத எஃகு என்றால் ஏறக்குறைய 0.9 நியூட்டன் மீட்டர் என்பது வழக்கம்; அந்த அளவில் நழுவும் 8 மி.மீ. டார்க் ஸ்பேனர் கிடைக்கிறது. மரையை மட்டும் திருப்புங்கள், கனெக்டரின் உடலை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். உடல் சுழன்றால் ஊசி தடத்தை உழுதுவிடும்; பற்றவைக்காத பொருத்தத்தில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. போர்டைக் கவ்வும் திருகுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கி, அசையாத நிலையில் நிறுத்திவிடுங்கள். போர்டு செய்யப்படும் எஃப்.ஆர்-4 என்னும் கண்ணாடி நார்ப் பொருள் தொடர்ந்த அழுத்தத்தில் மெல்ல அமுங்கும், ஆகவே மறுநாள் திருகு சற்றுத் தளர்ந்திருப்பதைக் கண்டால் வியப்படைய வேண்டாம்.

கேள்வி: விசைப்படகுகளின் வி.எச்.எஃப். வயர்லெஸ் கருவிகளைப் பழுதுபார்க்கிறேன். உள்ளே இருக்கும் போர்டில் ஆன்டெனா கனெக்டரைப் பற்றவைக்காமல் திருகிப் பொருத்தினால், அடுத்த முறை மாற்றுவது எளிது அல்லவா?
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: படகில் வேண்டாம் ஐயா, பற்றவைத்துவிடுங்கள். மின்னியல் கணக்குப்படி உங்களுக்கு அது இடைஞ்சல் இல்லை. 16-ஆம் சேனலான 156.8 மெகாஹெர்ட்ஸில் ஒரு நானோஹென்றி ஒரு ஓம்தான். இடைஞ்சல் எஞ்சினின் அதிர்விலிருந்தும் உப்பிலிருந்தும் வருகிறது. அழுத்தத்தால் மட்டும் நிற்கும் தொடர்பு அதிர்வில் நுண்ணளவு உரசிக்கொண்டே இருக்கும். உரசிய இடத்தில் உப்பு ஈரம் புகுந்து ஆக்சைடு படியும். நடுக்கடலில் உதவி கேட்க அந்தக் கருவி ஒன்றுதான் இருக்கிறது.

என் வீடு முத்தியால்பேட்டையில், கடற்கரைக்குப் பக்கம். ஒரு ஐப்பசியில், தங்கப் பூச்சுள்ள போர்டு ஒன்றையும் வெறும் செம்பு போர்டு ஒன்றையும், இரண்டிலும் திருகிய கனெக்டரோடு, சன்னல் அலமாரியில் மூடாமல் விட்டு, தை பிறந்த பிறகு கழற்றிப் பார்த்தேன். செம்பு போர்டில் பித்தளைத் துண்டின் விளிம்பைச் சுற்றி, பேனாவால் வரைந்தது போல ஒரு பச்சைக் கோடு ஓடியிருந்தது. அழுத்தம் குறைந்த மூலையில் அது உள்ளேயும் புகுந்திருந்தது. தங்கப் பூச்சுள்ளதில் தூசி மட்டும்தான். ஆகவே நம் கரையோர ஊர்களில் பரிசோதனைக்குக்கூட நிக்கல்–தங்கப் பூச்சு கேட்டு வாங்குங்கள். அந்தத் தங்கம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்குமேல் இருக்காது. அழிரப்பரால் தேய்க்காமல், ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த நார் உதிராத துணியால் துடையுங்கள்.

கேள்வி: கோடு ஆடவில்லை, ஆனால் அளவு நன்றாக இல்லை. குறை கனெக்டரிலா, நான் வரைந்த சுற்றிலா என்று எப்படிப் பிரித்தறிவது?
— வாசகர், நெல்லித்தோப்பு, புதுச்சேரி

பதில்: அதே போர்டுத் தொகுப்பில் வடிகட்டி எதுவும் இல்லாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேரே ஓடும் 50 ஓம் தடம் ஒன்றையும் சேர்த்து வரைந்துவிடுங்கள். 1.6 மி.மீ. எஃப்.ஆர்-4 போர்டில், மேல்பக்கத்தில் கிரவுண்டு ஒட்டி வராத இடத்தில், அதன் அகலம் ஏறத்தாழ 3 மி.மீ. முதலில் அதை அளங்கள். அங்கேயே ரிட்டர்ன் லாஸ் மோசமாக இருந்தால் உங்கள் வடிகட்டி மேல் பழி இல்லை. நீங்கள் அளக்கும் வி.என்.ஏ. கருவியில் நேர அச்சுக்கு மாற்றும் வசதி இருந்தால், கோட்டில் விழும் மேடு தடத்தின் தொடக்கத்திலா நடுவிலா என்று நேராகவே தெரியும். மேடு மேல்நோக்கி இருந்தால் தூண்டல் கூடியிருக்கிறது, கிரவுண்டில் இடைவெளியைத் தேடுங்கள். கீழ்நோக்கி இருந்தால் கொள்திறன் கூடியிருக்கிறது, ஊசியின் அடியில் தடத்தைச் சற்று ஒடுக்கிப் பாருங்கள்.

பிறகு அதே நேர்த்தடத்தில் கனெக்டரை ஐந்து முறை கழற்றி மாட்டி, ஐந்து அளவுகளையும் ஒரே படத்தில் வரையுங்கள். அந்த ஐந்து கோடுகளுக்கும் இடையே விழும் அகலம்தான் உங்கள் பொருத்தத்தின் பிழை. மஞ்சக்குப்பம் வாசகியும் தம் ஐந்து வடிகட்டிகளை அளப்பதற்கு முன் இதைச் செய்து, அந்தப் படத்தைத் திட்ட அறிக்கையின் முதல் அளவீடாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.