அடகுக் கடைக்குப் போக முதல்

கேள்வி: எனக்கு ஒரே மகள். வயது 14, ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள். வகுப்பில் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் விண்வெளி முகாம், விமானப் பயிற்சி, பத்து நாள், கடைசியில் சான்றிதழ் என்று போட்டிருக்கிறது. எல்லாமாக 19 இலட்சம் ரூபா. கட்டாரில் இருக்கும் கணவர், "விசர் ஆசை, பொம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று ஏசுகிறார். மகள் கோபத்தைச் சாப்பாட்டில் காட்டுகிறாள். சின்ன வயதிலிருந்தே விமானச் சத்தம் கேட்டால் பல்கனிக்கு ஓடுகிறவள் அவள். என் காப்பையும் அட்டியலையும் அடகு வைத்தால் பாதிக் காசு வரும். அனுப்பலாமா அக்கா? போய்வந்தால் அவளுடைய எதிர்காலத்துக்கு உதவுமா?
ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, இந்த வருஷம் அனுப்ப வேண்டாம். காப்பு கையிலேயே இருக்கட்டும். ஆனால் இதை மகளிடம் சொல்ல முதல், நான் கீழே எழுதியிருப்பதை இருவருமாக உட்கார்ந்து வாசியுங்கள். வெறும் "இல்லை" என்று சொன்னால் அந்தப் பிள்ளை உடைந்து போவாள்.

உங்கள் கணவர் நினைப்பதுபோல் இது விசர் ஆசை இல்லை. அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் என்ற ஊரில் 1982ஆம் ஆண்டிலிருந்து பிள்ளைகளுக்கு விண்வெளி முகாம் நடக்கிறது. பெரிய இத்தாலிய விண்வெளி வீராங்கனையான சமந்தா கிறிஸ்டோபொரெட்டி, பள்ளி மாணவியாக அமெரிக்காவுக்குப் போயிருந்த காலத்தில், 1994இல் அந்த முகாமுக்குப் போனவர். 2022இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே தளபதியாக இருந்தார். பொம்பிளைப் பிள்ளைக்கு எதுக்கு என்று கேட்பவருக்கு இந்த ஒரு பெயர் போதும்.

ஆனால் ஆண்டுகளைக் கவனியுங்கள். முகாம் 1994இல். ஐரோப்பிய விண்வெளி முகமை அவரைத் தெரிவு செய்தது 2009இல். இடையில் 15 வருஷம். பொறியியல் படித்தார், இத்தாலிய விமானப் படையில் போர் விமானம் ஓட்டினார். முகாம் கொடுத்தது ஒரு வாரம், மிச்சத்தை அவரே கட்டினார். உங்கள் 19 இலட்சம் வாங்கப்போவது அந்த ஒரு வாரத்தை மட்டுந்தான்.

அந்த வாரத்தில் நல்ல விஷயங்கள் நடக்கும், அதை மறுக்கமாட்டேன். மூன்று வளையங்களுக்கு நடுவில் ஒரு கதிரை இருக்கும். அதில் கட்டி உட்கார வைத்து எல்லாப் பக்கமும் சுழற்றுவார்கள். வயிறு சுழற்சியின் நடுவிலேயே நிற்பதால் குமட்டாது என்று முகாமில் சொல்வார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அங்கே நடக்கும் ஒத்திகைப் பறப்பு. ஒரு பிள்ளை தளபதி, ஒரு பிள்ளை விமானி, இன்னும் சிலர் தரைக் கட்டுப்பாட்டு மேசையில். நடுவில் பயிற்சியாளர் வேண்டுமென்றே ஒரு கோளாறை உண்டாக்குவார். பதறாமல், கையிலுள்ள பட்டியலை வரிவரியாக வாசித்து, மற்றவரோடு தெளிவாகப் பேசிச் சரிசெய்ய வேண்டும். விமானி அறையிலும் இதேதான் வேலை.

துண்டுப்பிரசுரத்துக்கு வருவோம். இப்படிப்பட்ட தாள்களில் நாசாவின் பெயரைப் பெரிதாகப் போடுவார்கள். ஹன்ட்ஸ்வில் முகாமை நடத்துவது நாசா அல்ல, அலபாமா மாநிலத்துக்குச் சொந்தமான விண்வெளி அருங்காட்சியகம். அங்கே தரும் சான்றிதழ் ஒரு நல்ல நினைவுப் பொருள். அதைக் காட்டி எந்தப் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைக்காது. ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: பத்து நாளில் எத்தனை நாள் முகாமுக்குள், எத்தனை நாள் கடைத்தெருவிலும் கேளிக்கைப் பூங்காவிலும்? பெண் பிள்ளைகளோடு தங்கப்போகும் பெரியவர் யார்? விசா மறுக்கப்பட்டால் கட்டிய காசில் எவ்வளவு திரும்பும்? விசாக் கட்டணம் எப்படியும் திரும்பாது. நேராகப் பதில் சொல்லாதவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

இனி, காசு அதிகம் கேட்காத வேலைகள்.

நான் பௌதிகவியல் படிப்பித்த காலத்தில், ஒரு சனிக்கிழமை பாடசாலை மைதானத்தில் பிள்ளைகளோடு தண்ணீர் ரொக்கெட் விட்டோம். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், வாயில் இறுக்கமான அடைப்பான், சைக்கிள் பம்பால் காற்று. முதல் போத்தல் பத்தடி எழும்பி, குட்டிக்கரணம் போட்டு, நின்றவர்களை நனைத்துவிட்டு விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. நனைந்த சீருடையோடு போத்தலை எடுத்துக்கொண்டு நிழலில் போய் உட்கார்ந்தாள். மட்டையில் மூன்று செட்டை வெட்டி அடியில் ஒட்டினாள், நுனியில் களிமண் உருண்டை வைத்தாள், போத்தலை விரலில் நிறுத்தி எந்த இடத்தில் சமநிலை வருகிறது என்று பார்த்தாள். அடுத்த முறை அது நேராக எழும்பி, பாடசாலைக் கூரைக்கு மேலால் போனது. பாரம் முன்னால், செட்டை பின்னால் என்பதை அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

உங்கள் மகளும் அந்தப் போத்தலோடு உட்காரட்டும். சோடாப் போத்தலையே எடுங்கள், சாதாரணத் தண்ணீர்ப் போத்தல் அமுக்கம் தாங்காது. பம்பின் குழாய் நீளமாக இருக்கட்டும், போத்தலுக்கு மேலே யாரும் குனியக் கூடாது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஒரு நாள் மாலை கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேலால் போகும் நேரத்தை நாசாவின் "Spot the Station" செயலியிலேயே பார்க்கலாம். பொழுது பட்ட கையோடு, சிமிட்டாத ஒரு வெளிச்சம் சில நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும். அது பறக்கும் உயரம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர், இங்கிருந்து யாழ்ப்பாணம் போகிற தூரந்தான். அதை மகளிடம் சொல்லிப் பாருங்கள்.

கொழும்பு 7இல், இரவு வானத்தைக் கூரையில் காட்டும் கோள்மண்டலம் 1965இலிருந்து இருக்கிறது. தமிழ்க் காட்சி எந்த நாளில் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் ஏறினால் இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். இன்னும் கொஞ்சம் தள்ளி, மொரட்டுவை கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவர்கள் நடத்தும் வானியல் நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேளுங்கள். நம் நாட்டின் முதல் செய்மதி இராவணா-1ஐச் செய்த இருவரும் அந்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள், ஜப்பானில் பயின்றபோது செய்தார்கள். அவர்களில் ஒருவர் பெண். ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும் சின்னப் பெட்டி அது. 2019 ஜூனில் விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விட்டார்கள். இதைக் கணவரிடமும் சொல்லுங்கள்.

விமானிதான் ஆக வேண்டும் என்றால், முதல் செலவு கண் வைத்தியரிடம். நிறம் பிரித்தறியும் சோதனையை இப்போதே செய்துவிடுங்கள். அதில் குறை இருந்தால் 14 வயதில் தெரிவது நல்லது, பெரும் காசு கட்டிய பிறகு தெரிவது கொடுமை. தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும், வணிக உரிமத்துக்கு 18 வயதும் ஆக வேண்டும், ஆகவே அவசரம் ஒன்றுமில்லை. சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் உறுதியாக வரட்டும். உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் எடுக்கலாம். தமிழ் மொழிமூலம் படிப்பது தடையில்லை. ஆனால் விமானத்தின் வானொலியில் தடுமாறாமல் ஆங்கிலம் பேச வரவேண்டும், அதற்குத் தினமும் அரை மணித்தியாலம் ஒதுக்கட்டும். விமானங்களைச் செய்யவும் பராமரிக்கவும் ஆசையென்றால், இரத்மலானையில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் இருக்கிறது.

ஒரு வருஷம் இப்படிப் போகட்டும். அதற்குப் பிறகும் அவள் முகாமைப் பற்றிக் கேட்டால், உண்மையான முகாமின் இணையத்தளத்தில் நேரடியாக விலை பாருங்கள், சேமிக்கத் தொடங்குங்கள், உங்கள் கணவரையும் அந்தக் கணக்கில் சேருங்கள். அப்போது நானே "அனுப்புங்கள்" என்று எழுதுவேன்.

முதல் ரொக்கெட் எவ்வளவு உயரம் போனது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கடிதத்தை மகளே எழுதட்டும்.