முன்பல் இடைவெளியை முதலில் பாருங்கள்

சகோதரி, அந்த ரப்பர் வளையத்தை இன்றைக்கே குப்பையில் போட்டுவிடுங்கள். கீழ் முன்பற்கள் ஆடுவதைப் பற்றி எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தில் கடைசி வரியாக, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு வருஷமாகச் சந்து விழுகிறது, அதை மூட வீடியோவில் பார்த்து மூன்று ராத்திரி ரப்பர் போட்டேன், ஒருநாள் காலையில் எழுந்தால் ரப்பரைக் காணோம், விழுங்கியிருப்பேன்.

விழுங்கியிருந்தால் கவலையில்லை. ஈறுக்குள் போயிருந்தால்? முன்பல்லின் வேர் உள்ளே போகப்போகக் குறுகிக்கொண்டே போகும். அதனால் பல்லில் மாட்டிய ரப்பர் வழுக்கி வழுக்கி ஈறுக்கு அடியில் ஏறிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே வேரை இறுக்கிக்கொண்டு எலும்பை அரித்துக்கொண்டே போகும். என்னிடம் வந்த ஒரு கல்லூரிப் பையனுக்கு ஈறை மெல்ல விலக்கிப் பார்த்தபோது, வேரின் பாதி உயரத்தில் அந்த வளையம் உட்கார்ந்திருந்தது. அதற்கு முன் அவனுக்கு ஈறு நோயே கிடையாது. உங்களுக்கு ஏற்கெனவே எலும்பு குறைந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் ரப்பர் தெரியாமலும் போகலாம், ஆகவே டாக்டரிடம் இதை வாயைத் திறந்து சொல்லுங்கள். 'திட்டுவார்' என்று மறைக்காதீர்கள்.

சரி, அந்தச் சந்துக்கு வருவோம். நீங்கள் அதை அழகுப் பிரச்சினையாக நினைத்திருக்கிறீர்கள். உங்கள் கடிதம் முழுவதிலும் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்தச் சந்துதான். நாற்பத்தேழு வயதில், இதுவரை நெருக்கமாக இருந்த முன்பற்களுக்கு நடுவே புதிதாக இடைவெளி விழுந்து கூடிக்கொண்டே போகிறது என்றால், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு குறைந்து, நாக்கும் உதடும் கடியும் தள்ளுகிற பக்கம் பல் நகர்கிறது என்று அர்த்தம். மூன்று நான்கு வருஷத்துக்கு முன்பு நீங்கள் சிரித்தபடி எடுத்த ஒரு போட்டோவைத் தேடி எடுங்கள். கண்ணாடி முன் நின்று ஒப்பிடுங்கள். சந்து அப்போதும் இதே அளவில் இருந்தால் நிதானமாகப் போகலாம். அப்போது இல்லை, இப்போது இருக்கிறது என்றால், தை மாதம் மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். இந்த வாரமே போங்கள்.

இனி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த 'கிரேடு 2'. பல் எவ்வளவு ஆடுகிறது என்பதற்கான எண் அது. சீட்டில் டாக்டர் எழுதியதைப் பார்த்துவிட்டு இணையத்தில் தேடியிருக்கிறீர்கள். கிரேடு 2-க்கு அடுத்தது 3, 3 என்றால் பிடுங்க வேண்டியதுதான் என்று எங்கோ படித்து, தினமும் காலையில் கீழ் முன்பற்களை விரலால் ஆட்டிப் பார்த்து நோட்டில் குறித்தும் வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். ஆட்டுவதே பல்லுக்கு ஆகாது என்பது ஒரு பக்கம். அந்த அளவும் தப்பு. விரல் நுனியின் சதை அமுங்கிக் கொடுக்கும், எது பல்லின் அசைவு, எது சதையின் அசைவு என்று பிரிக்க முடியாது. ராத்திரி முழுக்கப் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதால், காலையில் எழுந்ததும் எல்லோருக்குமே பல் கொஞ்சம் கூடுதலாக ஆடும். நீங்கள் அளப்பதோ சரியாக அந்த நேரத்தில்.

நாங்கள் அளப்பது வேறு மாதிரி. இரண்டு இரும்புக் கருவிகளின் கைப்பிடி முனையை, ஒன்றைப் பல்லின் வெளிப்பக்கமும் மற்றொன்றை நாக்குப் பக்கமும் வைத்து, மாற்றி மாற்றி அழுத்துவோம். வழக்கமான அசைவுக்கு மேல் லேசாகத் தெரிந்தால் 1. ஒரு மில்லிமீட்டர் வரை போனால் 2. அதற்கு மேலே ஆடினாலோ, மேலிருந்து அழுத்தும்போது பல் குழிக்குள் அமுங்கினாலோ 3. ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு என்று கேட்கிறீர்களா? உங்கள் ஏடிஎம் அட்டையின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். பல்லைத் தட்டிப் பார்த்து எண் சொல்லும் கருவியும் உண்டு. பெரியோடெஸ்ட் என்று பெயர், நான்கு விநாடியில் பதினாறு தட்டு தட்டும், -8 முதல் +50 வரை எண் காட்டும். அது இல்லாத கிளினிக் என்றால் குறை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான இடங்களில் கைப்பிடிகளால்தான் பார்க்கிறோம், சிகிச்சையை முடிவு செய்ய அது போதும்.

ஆனால் இந்த எண் பல் எவ்வளவு ஆடுகிறது என்று மட்டும்தான் சொல்லும். ஏன் ஆடுகிறது என்று சொல்லாது. ஈறு வீங்கியிருந்தாலும் ஆடும். அடைத்த பல் கொஞ்சம் உயரமாகி எதிர்ப்பல்லில் இடித்தாலும் ஆடும். தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கும் ஆடும். இவையெல்லாம் சரிசெய்தால் குறையக்கூடிய அசைவு. வருஷக்கணக்காக கிரேடு 2-லேயே நின்று, கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பவர்கள் என்னிடம் வருகிறார்கள். போன மாதம் 1, இந்த மாதம் 2 என்று கூடுகிற பல்லுக்குத்தான் நான் பயப்படுவேன்.

ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம். கோடு போட்ட மெல்லிய கம்பியை விட்டு ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் அளக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் வரை சரி. அதற்கு மேல் போய், தொட்டால் ரத்தமும் வந்தால் நோய் அங்கே இருக்கிறது. இரண்டு, எலும்பு எவ்வளவு மிச்சம் என்று காட்டும் எக்ஸ்ரே. நீங்கள் அனுப்பிய சீட்டில் இரண்டுமே இல்லை. கூடவே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது என்று எழுதிவிட்டு உங்களுடையதைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். சர்க்கரை ஏறியிருந்தால் ஈறு சிகிச்சைக்குப் பலன் குறைவு.

'க்ளீன் பண்ணின பிறகுதான் பல் ஆட ஆரம்பித்தது' என்கிறீர்கள். கிளினிக்கில் தினம் ஒருவராவது சொல்லும் புகார் இது. கீழ் முன்பற்களின் உள்பக்கம் படிந்த காரை, சிமெண்ட் போட்டது மாதிரி பற்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் உள்ளே ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. கூச்சமும் சில வாரத்தில் தணியும். உப்புத்தண்ணீர் கொப்பளிப்பது, நல்லெண்ணெய் கொப்பளிப்பது உங்கள் இஷ்டம், கெடுதல் இல்லை, ஆழத்தில் இருக்கும் காரையை மட்டும் அது தொடாது. மெடிக்கலில் கேட்டு வாங்கி ஐந்து நாள் ஆண்டிபயாடிக் போட்டீர்களே, அதை இனிமேல் செய்யாதீர்கள். வலியும் சீழும் அடங்கியதும் 'சரியாகிவிட்டது' என்று விட்டுவிடுவோம், எலும்பு அடியில் கரைந்துகொண்டே இருக்கும்.

'எங்கம்மா மாதிரி எனக்கும் ஐம்பதில் பல்செட்தானா டாக்டர்?' என்று நடுவில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிந்தது. கிரேடு 2 என்று எழுதியதற்காக மட்டும் யாரும் பல்லைப் பிடுங்குவதில்லை. வேர் வரை ஆழமாகச் சுத்தம் செய்து, இடிக்கிற கடியைச் சரிசெய்து, நாலு முதல் ஆறு வாரம் கழித்து மறுபடி அளந்தால் பலருக்கு அசைவு ஒரு படி குறைந்திருக்கும். அப்போதும் கடித்து மெல்வதற்குச் சிரமமாக இருந்தால் கீழ் ஆறு பற்களையும் உள்பக்கமாக மெல்லிய கம்பியும் பல் நிறப் பசையும் வைத்துச் சேர்த்துக் கட்டலாம்.

கடலூர் முதுநகரிலிருந்து பாண்டிக்கு பஸ் ஏறினால் கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெற்கே போவது வசதி என்றால் சிதம்பரம் அண்ணாமலை நகர் பல் மருத்துவக் கல்லூரி. எங்கே போனாலும் ஈறு நோய்ப் பிரிவு என்று கேட்டுப் போங்கள். பழைய போட்டோவைக் கையோடு கொண்டு போங்கள். உட்கார்ந்ததும் ரப்பர் விஷயத்தை முதலில் சொல்லுங்கள்.